‘செட்’டில் தேறும் அகராதி எது?

அகராதி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ‘இரண்டு லட்சம் சொற்கள்’ என்று போட்டிருந்தால் நல்லது, ‘மூன்று லட்சம்’ என்றால் இன்னும் நல்லது. மொழிபெயர்ப்பு, செய்தி எழுத்து, பாடநூல் தயாரிப்பு என்று நாள் முழுக்க அகராதியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. தெரியாத சொல் வந்தால் யாரும் அகராதியைத் திறந்துவிடுவார்கள். தெரிந்ததாக நினைத்துத் திறக்காமல் விடும் சொல்தான் காலை வாரும்.

அதனால் இங்கே தேர்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே சொல்: ‘செட்’. எஸ், இ, டி. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான்: 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலின் நீளம். பின்னாளில் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களோடு முந்திக்கொண்டது. ஆனாலும் தமிழில் எழுதுகிறவரை அதிகம் சிக்கவைப்பது ‘செட்’. ‘ரன்’ எங்கே போனாலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், ஊகித்துவிடலாம். ‘செட்’ அப்படிப் பிடிகொடுக்காது. சூரியன் ‘செட்’ ஆனால் மறைகிறது. சிமெண்ட் ‘செட்’ ஆனால் இறுகுகிறது. வினாத்தாளை ‘செட்’ செய்தால் தயாரிக்கிறோம். தீர்ப்பை ‘செட் அசைட்’ செய்தால் அது செத்துப்போகிறது.

அகராதிகளுக்கு வைத்த கேள்விகள் மூன்று. செயப்படுபொருள் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் பிரித்துக் காட்டுகிறதா? எந்தப் பொருளில் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்று சொல்கிறதா? படித்து முடித்ததும் தமிழ் வினை ஒன்று நாக்கில் வந்து நிற்கிறதா? மூன்றாவதுதான் முக்கியம், முதல் இரண்டும் சரியாக இருந்தால் அது தானாக வரும்.

முதலில் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்பது ‘சிட்’ என்ற வினையின் பிறவினை. உட்கார் என்றால் ‘சிட்’, உட்காரவை என்றால் ‘செட்’. ஆங்கிலத்தில் இப்படிச் சில சோடிகள் மிச்சமிருக்கின்றன: ‘லை–லே’, ‘ரைஸ்–ரெய்ஸ்’, ‘ஃபால்–ஃபெல்’. தமிழ் படித்தவருக்கு இது புதிதே இல்லை. அமர்–அமர்த்து, கிட–கிடத்து, எழு–எழுப்பு, வீழ்–வீழ்த்து. ஆக ‘செட்’டின் அடிமனையில் இருப்பது ‘அமர்த்து’, ‘இருத்து’, பேச்சில் ‘வை’. இதை மனதில் வைத்துக்கொண்டால் செயப்படுபொருளோடு வரும் ‘செட்’டில் பெரும்பகுதி தானாக அவிழ்ந்துவிடும்: தீ வை, கண்ணி வை, அலாரம் வை, விலை வை, காலை வை, ஒரு நூலைப் பாடமாக வை. எல்லாவற்றுக்கும் ‘அமை’ என்று போட்டுவிடும் பழக்கம் மொழிபெயர்ப்புத் தமிழில் பரவியிருக்கிறது. ‘அலாரத்தை அமைக்கவும்’ என்று செல்பேசித் திரையில் பார்க்கிறோமே, அது அந்த வியாதிதான். அலாரத்தை யாரும் அமைப்பதில்லை, வைக்கிறோம்.

‘கூட்டம், தொகுதி’ என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு வேரும் உண்டு. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அது, லத்தீன் ‘செக்டா’வில் போய் முடிகிறது. பிரிவு, கட்சி என்று பொருள்தரும் ‘செக்ட்’டுக்கும் அதுவே வேர். வினையும் இந்தப் பெயரும் ஒரே எழுத்துகளில் வந்து விழுந்து, காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

வடிவத்திலும் ஒரு சிக்கல். நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றுக்கும் ‘செட்’தான். ‘தே செட் த பிரைஸ்’ என்ற வரியைத் தனியாகக் கொடுத்தால் விலையை நிர்ணயிக்கிறார்களா, நிர்ணயித்துவிட்டார்களா என்று சொல்லவே முடியாது. எழுவாய் படர்க்கை ஒருமையாக இருந்து, நிகழ்காலத்தில் ‘எஸ்’ விழுந்தால்தான் தெரியும். தமிழில் காலம் காட்டாமல் வினைமுற்றை முடிக்க வழியில்லை. பக்கத்து வாக்கியங்களைப் படிக்காமல் இந்த வரியைத் தொடவே கூடாது.

இனி அகராதிகள்.

பெரிய ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லின் வரலாறு வேண்டுமென்றால் அதற்கு மாற்றே கிடையாது. வேலை அவசரத்தில் உள்ளே போனால் வெளியே வர மாலையாகும். இணையத்தில் சந்தா கட்டித்தான் முழுதாகப் பார்க்க முடியும். நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் நூலகம் வழியாகத் திறக்குமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மெரியம்-வெப்ஸ்டர் இலவசமாகக் கிடைப்பதால் நம்மவர்கள் அதிகம் தட்டுவது அதைத்தான். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதன் பொருள் வரிசை வரலாற்று வரிசை. பழையது முதலில் வரும், அதிகம் புழங்குவது முதலில் வராது. ‘செட்’ வினைக்கு முதலில் நிற்பது ‘உட்காரவைத்தல்’. அடுத்து, கோழியை முட்டைமேல் அடைக்கு வைப்பது! அடைக்கு வைப்பதற்குத் தமிழிலும் அதே ‘வை’ வருவது அழகுதான். ஆனால் மேலே இருப்பதே முக்கியப் பொருள் என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த வரிசை ஆபத்து. இந்த அகராதியைப் பார்க்கிறவர்கள் கீழிருந்தும் ஒருமுறை படிப்பது நல்லது. அமெரிக்க வழக்கைச் சரிபார்க்கவும், கூட்டுச்சொல்லின் நடுவே கோடு போட வேண்டுமா என்பதைப் பார்க்கவும் இது நம்பகமானது.

நம் வேலைக்கு உண்மையில் உதவுபவை ‘லேர்னர்ஸ்’ அகராதிகள். பெயரைப் பார்த்து, மாணவர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்துச் செய்யப்பட்டவை இவைதான். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது தொகுத்து, 1942-இல் தோக்கியோவில் அச்சான அகராதிதான் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி, இன்றைய ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ ஆயிற்று. 10-ஆம் பதிப்பு 2020-இல் வந்தது. இணையத்தில் இலவசம்.

அதில் ‘செட்’ வினையைத் தேடினால் ஒவ்வொரு பொருளின் தலைமாட்டிலும் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு நிற்கும்: கடிகாரம்/இயந்திரம், மேசை, நகை, வேலை, கெட்டியாதல், முகம், முடி, எலும்பு, அச்சு, பாட்டு, சூரியன் என்று. கண்ணால் இறங்கிக்கொண்டே போனால் பத்து விநாடியில் வேண்டிய இடம் கிடைத்துவிடும். கையிலுள்ள வாக்கியத்தில் எலும்பு இருந்தால் எலும்புக்குப் போக வேண்டும். தமிழ் வினையும் அங்கேயே தயாராக நிற்கும்: நகையில் கல் பதி, அச்சுக் கோ, பாட்டுக்கு மெட்டுப் போடு, எலும்பைச் சேர்த்துக் கட்டு. கேம்பிரிட்ஜும் இதே பாணிதான், ஆனால் பிரிவுகளுக்குப் பொதுவான தலைப்புகள் வைக்கிறது: இடம், நிலை, நிறுவுதல், தயார்செய்தல் என்று. வேண்டிய இடத்துக்குப் போகக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ‘மேசை, எலும்பு, சூரியன்’ முறை கைக்கு அடக்கம்.

லாங்மேன் 1978-இல் வந்தபோதே சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கிவிடுவது என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. புழக்க வரிசையும் ஒழுங்காக இருக்கும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுகிறவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம். விளக்கத்தை அப்படியே தமிழாக்கினாலும் பிள்ளைகளுக்குப் புரியும்.

முதலிடம் கொடுக்க வேண்டியது காலின்ஸ் கோபில்டுக்கு. 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவானது. கணினியில் சேர்த்துவைத்த நிஜ ஆங்கில எழுத்தை அலசி எழுதியது. அதன் விளக்கங்கள் முழு வாக்கியங்களாக இருக்கும். ‘இன்னது இன்னதை இப்படிச் செய்தால்’ என்று தொடங்குவதால் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. மேலே வைத்த முதல் இரண்டு கேள்விகளுக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

‘செட் இன்’ என்ற சேர்க்கையைச் சின்க்ளேர் தனியாகவே ஆராய்ந்தார். அகராதிகளெல்லாம் ‘தொடங்கு, நிலைகொள்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தன. அவர் எடுத்துக்காட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எழுவாயாக வந்தவை அழுகல், விரக்தி, கசப்பு, நோய்த்தொற்று இப்படி. நல்லது எதுவும் ‘செட் இன்’ ஆவதில்லை! கோபில்டு அந்தப் பொருளை எழுதும்போதே, விரும்பத்தகாத ஒன்று தொடங்கி நீடிக்கும்போல் இருந்தால் என்று எழுதியது. தமிழில் எழுதுகிறவருக்கு இது தங்கம். ‘டிகே செட் இன்’ என்பதற்கு ‘சிதைவு தொடங்கியது’ என்று எழுதினால் தப்பில்லை, உயிரும் இல்லை. ‘சிதைவு பற்றிக்கொண்டது’, ‘விரக்தி குடியேறியது’, ‘சளி பிடித்துக்கொண்டது’ என்றால் அந்த வேண்டாவிருந்தாளித்தனமும் கூடவே வந்துவிடுகிறது.

ஒரு விலக்கு மட்டும் நம் பக்கத்தில் உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ‘செட் இன்’ ஆயிற்று என்று ஒவ்வோர் ஆண்டும் இந்திய ஆங்கிலத்தில் செய்தி வரும். அது நற்செய்தி. அங்கே ‘தொடங்கியது’தான் சரி. பிரிட்டனின் எழுத்தை அலசி எழுதிய அகராதியில் நம் ஊர் மழைக்கு இடமில்லாமல் போனதற்கு அதைக் குறை சொல்ல முடியாது.

செயப்படுபொருள் இல்லாமல் வரும் ‘செட்’டில்தான் அகராதிகளுக்கு மூச்சு வாங்குகிறது. ‘நீர்மம் கெட்டியாதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தமிழில் அது ஒரு வினை இல்லை. தயிர் தோயும், அல்லது உறையும். ஜெல்லி உறையும். பசை ஒட்டிப் பிடிக்கும். சாயம் பிடிக்கும். பூ உதிர்ந்த கிளையில் காய் பிடிக்கும் (விவசாய ஆங்கிலத்தில் ‘ஃப்ரூட் செட்’ என்பது இதுதான், ‘பழத் தொகுதி’ ஆகிவிடக் கூடாது). முறிந்த எலும்பு கூடும். சூரியன் சாயும், மறையும், இலக்கியமாகப் போனால் அடையும். ‘வை’ எப்படிப் பிறவினைப் பக்கத்துக்குச் சாவியோ, அப்படித் தன்வினைப் பக்கத்தில் பாதிக்கு மேல் ‘பிடி’ திறந்துவிடும்.

சிமெண்ட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி பிழை வருவது இங்கேதான். பொறியியலில் ‘செட்டிங்’ வேறு, ‘ஹார்டனிங்’ வேறு. தண்ணீர் சேர்த்த சிமெண்ட் குழைவை இழந்து உருவம் பிடிப்பது ‘செட்டிங்’, அதாவது இறுகுதல். அதன் பிறகு நாள் கணக்கில் வலுவேறுவது ‘ஹார்டனிங்’. இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்குத் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுதி இறுகல் நேரம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சோதிப்பதற்கு விகாட் கருவி. 40 மி.மீ. ஆழ அச்சில் சிமெண்ட் பசையை நிரப்பி, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியை அதன்மேல் இறக்குவார்கள். அடியிலிருந்து சுமார் 5 மி.மீ. உயரத்தில் ஊசி நின்று, அதற்குக் கீழே இறங்க மறுக்கும் கணம்தான் தொடக்க இறுகல். சாந்தைக் கலந்து, எடுத்துப்போய், கொட்டி, மட்டப்படுத்தும் வேலையெல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

இதைப் பொது அகராதியை வைத்து ‘காய்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சொல்பிழை மட்டுமல்ல, வேலையையே கெடுக்கும் பிழை. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் இறுகிய பிறகும் தண்ணீர் விட்டு ஈரம் காக்கிறார்கள். ‘கான்கிரீட் காய்ந்ததும்’ என்று வழிகாட்டியில் எழுதினால், படிக்கிறவர் தண்ணீர் விடாமல் காயப்போட்டுவிடுவார். கொத்தனார்கள் ‘செட் ஆயிடுச்சு’ என்றே சொல்கிறார்கள், அவர்கள் காதில் அது சரியாகத்தான் விழுகிறது. இன்னும் இரண்டு உண்டு: ‘ஃப்ளாஷ் செட்’, ‘ஃபால்ஸ் செட்’. முன்னது, சிமெண்ட்டில் ஜிப்சம் போதாமல் போனால் சூடு கிளம்பி மளமளவென்று இறுகிவிடுவது. மீட்க முடியாது. பின்னது பொய்யிறுகல். கூடுதல் தண்ணீர் விடாமல் மறுபடி கலக்கினாலே குழைவு திரும்பிவிடும். இந்த வேறுபாட்டை லேர்னர்ஸ் அகராதிகளில் தேடுவதில் பயனில்லை. துறை நூலுக்கோ தர விதிக்கோதான் போக வேண்டும்.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் இன்றும் முதுகெலும்பாக நிற்பது, அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பதிவைத் திறந்தால் தமிழ்ச் சொற்கள் காற்புள்ளி போட்டு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சொல்வளத்தில் இதை அடிக்க ஆளில்லை. மறந்துபோன நல்ல வினைகள் பல அங்கே கிடக்கும். ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது. இந்த மூட்டையில் எது எந்த இடத்துக்கு என்று அது சொல்லாது. ஆகவே பொருள் தெரியாமல் இங்கே நேராக வருவது தவறான வழி. கோபில்டிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ பொருளை உறுதிசெய்துகொண்டு, தமிழ்ச் சொல் மட்டும் வேண்டும் என்ற நிலையில் வந்தால் கொட்டிக்கொடுக்கும். பிற்காலத்து வழக்குகள் இல்லாதது இயல்பு. நடையும் அந்தக் காலத்து உரைநடை.

தமிழ் விக்சனரியின் ஆங்கிலப் பதிவுகள் பலவும் கலைச்சொல் பட்டியல்களை மொத்தமாக ஏற்றியதில் உருவானவை. ‘கணிதம்: கணம், பொறியியல்: தொகுதி’ என்ற பாணியில் நிற்கும். துறைச்சொல் வேண்டும்போது வேகமாக உதவும். அதைவிட முறையான இடம் தமிழக அரசின் ‘சொற்குவை’ தளம். இரண்டிலுமே, எடுக்கும் சொல் எந்த நாட்டு மாணவருக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குப் பாடத்தில் தமிழ்நாட்டில் ‘கணம்’ (ஒன்பதாம் வகுப்பில் ‘கண மொழி’ என்றே ஒரு பாடம் உண்டு). இலங்கையில் அதற்கு ‘தொடை’. யாழ்ப்பாணத்து மாணவருக்குக் ‘கணம்’ என்று எழுதினால் பாடம் புரியாது. சென்னை மாணவருக்குத் ‘தொடை’ என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும்.

பொதுத் தமிழில் ‘எ செட் ஆஃப்’ வந்தால் பல நேரம் அதற்குச் சொல்லே வேண்டாம். ‘விதிகளின் தொகுப்பு’ என்று இழுக்க வேண்டியதில்லை, ‘விதிகள்’ போதும். சாவி என்றால் கொத்து, பல் என்றால் வரிசை, தாள் என்றால் கட்டு, வளையல் என்றால் ‘ஒரு செட்’ என்றே சொல்லலாம், கடையில் அப்படித்தான் கேட்கிறோம்.

சட்டம், வரி, கட்டட அனுமதி ஆகிய இடங்களில் ‘செட்’டோடு ஒட்டிவரும் சிறுசொற்கள்தான் உண்மையான பரீட்சை. பொதுப் பொருளில் ‘செட் அசைட்’ என்றால் ஒதுக்கிவை: பணத்தை, நேரத்தை, பகையை. நீதிமன்றத்தில் அதே சேர்க்கைக்கு ரத்துசெய் என்று பொருள். கீழ்நீதிமன்றத் தீர்ப்பு ‘செட் அசைட்’ ஆனது என்பதை ‘ஒதுக்கிவைக்கப்பட்டது’ என்று எழுதினால், படிக்கிறவர் தீர்ப்பு தள்ளிப்போயிருக்கிறது என்று நினைப்பார். தேதி குறிப்பிடாமல் தீர்ப்பை ஒத்திவைப்பது வேறு, அதற்கு ஆங்கிலத்தில் ‘ரிசர்வ்’. மேல்முறையீடு தள்ளுபடி ஆவது ‘டிஸ்மிஸ்’. மூன்றும் செய்தியறையில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். லேர்னர்ஸ் அகராதிகள் சட்டப் பொருளையும் தருகின்றன, ஆனால் கீழே தள்ளி. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டால் மாட்டிக்கொள்வோம்.

‘செட் ஆஃப்’ இதைவிடச் சுவையானது. பயணம் கிளம்பு, வெடியை வெடிக்கவை, அலாரத்தை அலறவிடு, ஒரு நிறத்தை எடுப்பாகக் காட்டு. இவையெல்லாம் எல்லா அகராதியிலும் உண்டு. கணக்கில் வந்தால் ஈடுகட்டு, கழித்துக்கொள்: ஒரு தொழிலின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிப்பது, வாராக் கடனுக்கு வாடிக்கையாளரின் வைப்புத்தொகையிலிருந்து வங்கி எடுத்துக்கொள்வது. குற்ற வழக்கில், விசாரணைக் கைதியாகச் சிறையிலிருந்த நாட்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்வதும் ‘செட் ஆஃப்’தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 468. கைதியின் குடும்பத்துக்கு இந்த ஒரு சொல் எத்தனை மாதம் என்ற கணக்கு. ‘தண்டனை தொடங்கப்பட்டது’ என்று மாறிப்போனால் பெரும் விபரீதம்.

‘செட்பேக்’ என்றால் பின்னடைவு என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டு வரைபடத்தில் அது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய வெற்றிடம். 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் முன், பின், பக்கம் என்று இதற்குத் தனித்தனி அளவுகள் உண்டு. பட்டியலிலிருந்து சொல்லை எடுத்து ஒட்டினால் ‘பின்பக்கப் பின்னடைவு’ என்று வந்து நிற்கும். பேச்சு ஆங்கிலத்தில் ஒரு பொருள் நம்மை இவ்வளவு ரூபாய்க்கு ‘செட் பேக்’ செய்தது என்றால், இவ்வளவு செலவு வைத்துவிட்டது என்று அர்த்தம். இங்கும் பாருங்கள், ‘வை’.

தலைப்புச் செய்திகளில் வரும் ‘செட் டு’ தனி ரகம். படம் ‘செட் டு ரிலீஸ்’ என்றால் வெளியாகவிருக்கிறது, அமைச்சர் ‘செட் டு விசிட்’ என்றால் வரவிருக்கிறார். ‘வெளியிட அமைக்கப்பட்டுள்ளது’ என்ற வரியைப் பார்த்தால் அது இயந்திரத்திலிருந்து இறங்கியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இயந்திரம் என்றதும் கூகுள் மொழிபெயர்ப்பு. தமிழ் அதில் 2011-இல் சேர்ந்தது, 2017-இல் நரம்பணு வலைப்பின்னல் (‘நியூரல் நெட்வொர்க்’) முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வருகின்றன. ‘செட்’ விஷயத்தில் அந்த வழுவழுப்பே தொல்லை, பிழை கண்ணில் உறுத்துவதில்லை. ஒற்றை வரியைக் கொடுக்காமல் முழுப் பத்தியைக் கொடுத்தால் பலன் மேம்படும், பக்கத்தில் ‘நீதிமன்றம்’ இருப்பது அதற்கும் உதவுகிறது. பலர் நம்பும் ஒரு சோதனை மட்டும் இங்கே பலிக்காது: தமிழில் வந்ததை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது. ‘ஒதுக்கிவைத்தது’ என்ற தவறான தமிழ், திரும்பப் போகும்போது அச்சு அசலாக ‘செட் அசைட்’ ஆகிவிடும். மூலத்தோடு அப்படியே பொருந்துகிறதே என்று திருப்தியோடு அச்சுக்கு அனுப்பிவிடுவோம்.

தமிழே கடன்வாங்கி வளர்த்த ‘செட்’ இன்னொரு கதை. மைக்செட், பம்ப்செட், பல்செட், செட் தோசை, ஸ்டூடியோவில் போடும் செட், 6-4, 6-3 என்ற செட் கணக்கில் வென்றார் என்று விளையாட்டுப் பக்கம். இவை ஆங்கிலத்தில் வேர் உள்ளவை. ‘எங்க செட் பசங்க’, ‘செட்டு சேர்ந்துட்டாங்க’ என்பவை அந்த லத்தீன் ‘செக்டா’வின் கூட்டப் பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கின்றன. ‘செட்டாப் பாக்ஸ்’ என்பதைச் ‘செட்டப் பாக்ஸ்’ என்று எழுதுகிறோம். அது ‘செட் அப்’ இல்லை, டிவி செட்டின் தலைமேல் வைக்கிற பெட்டி. ‘எல்லாம் செட்டப்பு’ என்பது மட்டும் ‘செட் அப்’புக்குச் சொந்தம், ஆளைச் சிக்கவைக்கும் ஏற்பாடு என்ற பொருளிலிருந்து நகர்ந்து வந்தது.

‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’, ‘இந்தக் கலர் உனக்குச் செட் ஆகுது’ என்பவை முழுக்க நம் தயாரிப்பு. ஒத்துப்போதல், பொருந்துதல் என்ற இந்தப் பொருளில் ‘செட்’டைப் புழங்கும் வழக்கு இன்றைய பொது ஆங்கிலத்தில் இல்லை. நேர்காணலில் ‘திஸ் ஜாப் வில் செட் ஃபார் மீ’ என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சொல்வது இங்கிருந்துதான் போகிறது. அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு வேண்டியது ‘சூட்’. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் வகுப்பில் இதை ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மாணவர் அகராதியைப் புரட்டி இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

காசு கொடுத்து அச்சுப் பிரதி வாங்க நினைப்பவருக்கு ஒரு யோசனை. ‘செட்’ போன்ற சொற்களின் அடிப்படைப் பொருள்கள் பத்திருபது ஆண்டில் மாறிவிடுவதில்லை. புதிய பதிப்புகளில் கூடுவது பெரும்பாலும் தொழில்நுட்பச் சொற்கள், அவை இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. பழைய புத்தகக் கடையில் முந்தைய பதிப்பு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸோ கோபில்டோ பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். எடுக்கும் முன் ‘எஸ்’ எழுத்துப் பக்கங்களைப் புரட்டி, ‘செட்’ வரும் தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.